தகவலாளி மூன்று

அவரிடம் வழி கேட்டவர்கள் யாரும் நேராகப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்த நாள். மாலையும் தாம்பாளமுமாக வந்த ஒரு குடும்பம், ஏதோ ஒரு மண்டபத்தின் பெயரைச் சொல்லி அவரிடம் வழி கேட்டது. அவர் தோளில் கிடந்த பையை இறக்கி வைத்தார். இந்தச் சந்தில் போய், சோத்தாங்கைப் பக்கம் திரும்பி, ஒரு டீக்கடையைத் தாண்டினால் மண்டபம்தான் என்று கையை நீட்டி நீட்டி விளக்கினார். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"அந்த மண்டபம் தெரியுமாக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? வேர்த்து விறுவிறுத்து வந்து கேக்குறாக. பாவமா இருந்துச்சு."

"முகூர்த்தம் முடிஞ்சிரும்க்கா."

"பந்திக்குப் போயிருவாக" என்றார்.

இதைப் பல வருடம் நான் வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள். இப்போது சொல்வதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய இனத்து மக்களின் பெயரையும் எழுதவில்லை. கீழக்குயில்குடி போகிற பாதையில் ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே, அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகள் இரண்டு வரிசை இருந்தன. இரண்டாவது வரிசையில் கடைசி வீடு அவருடையது. கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். தலை சீவும்போது உதிர்கிற முடியைப் பெண்கள் சுருட்டி வைத்திருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் டப்பா, ஊக்கு, சீப்பு கொடுப்பது அவர் தொழில். சவுரி செய்கிறவர்களுக்கு அந்த முடி போகும். காலையில் கிளம்பினால் தெருத் தெருவாக நடந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்.

அவர்கள் வீட்டுக்குள் பேசுவது தமிழ் இல்லை. அதற்கு எழுத்து கிடையாது. பெயர்கூடக் கிடையாது. "நம்ம பேச்சு" என்பார்கள். அந்த இரண்டு வரிசை வீடுகளையும், வேறு எங்கோ சிதறிப்போன சில குடும்பங்களையும் விட்டால் உலகத்தில் அதைப் பேச ஆள் இல்லை. அழிவதற்குள் அந்தப் பேச்சைப் பதிவு செய்து அகராதி போட வேண்டும் என்று ஒரு கல்லூரிக்கு நிதி வந்தது. நான் அதில் ஒப்பந்த உதவியாளர். முப்பத்து நான்கு வயது, மொழியியல் பட்டம், வேறு எங்கும் வேலை இல்லை. ஒத்தக்கடையிலிருந்து ஸ்கூட்டியில் நகரத்தைக் குறுக்கே கடந்து அந்தக் கடைசி வீட்டுக்கு இரண்டு வருடம் போய் வந்தேன். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் என்னை டீச்சரு என்றுதான் கூப்பிட்டார்.

பதிவு செய்யும்போது சத்தம் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். சித்திரை மாதத்தில் அந்த ஓட்டு அறைக்குள் திட்டத்தை நடத்திய பேராசிரியர், நான், அவர், மூவரும் வேர்வையில் குளிப்போம். மைக்குக்கு மாட்டியிருந்த ரோம உறையை அவர் அணில்குட்டி என்பார். "அணில்குட்டி தூங்குதா முழிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

எங்கள் சொற்பட்டியல் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் தயாரானது. தலை, கை, தண்ணீர், நெருப்பு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கும். அதற்கெல்லாம் அவர் பட்டுப் பட்டென்று சொன்னார். பிறகு கடல் வரும், பனிக்கட்டி வரும், நரியின் குட்டி, ஓநாய் எல்லாம் வரும்.

"பனிக்கட்டிக்கு உங்க பேச்சுல என்னம்மா?" என்று பேராசிரியர் கேட்டார்.

அவர் நின்றுபோன மின்விசிறியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "சிலோடி" என்றார்.

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு அழகான சொல், இந்த மக்கள் ஒரு காலத்தில் மலைநாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று திரும்பி வரும்போது காரில் வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். மறு வாரம் சரிபார்ப்பதற்காக நான் தனியாகப் போய் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் வேறு ஒரு சொல்லைச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் மூன்றாவதாக ஒன்று. எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. ஒண்ணும் தப்பில்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெளியே வெயிலில் நடந்து வந்த கால்களை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க பொழைக்கிற பொழப்பு என்ன டீச்சரு? காலையில இருந்து ஒவ்வொரு வாசலா போயி நிக்கிறோம். இல்ல போ, இல்ல போ, இல்ல போ. ஒரு நாளைக்கு எம்புட்டு இல்லை கேப்போம் தெரியுமா? அதனால எங்க வாசலுக்கு ஒருத்தர் வந்து கேட்டா அந்தச் சொல்லு எங்க வாயில வரக்கூடாது. என் மாமியா காலத்துல இருந்து இப்பிடித்தான். இருக்கிறதக் குடுப்போம். இல்லாட்டி எதையாச்சும் குடுப்போம்."

"நாங்க கேக்குறது சொல்லுதானேக்கா."

"அதுவும் கேக்கத்தான செய்யிறீங்க. ஸ்கூட்டியப் போட்டு அம்புட்டுத் தூரம் வாரீங்க."

அவர் சொன்னது உண்மை. அந்த வரிசையில் யார் வீட்டில் போய்க் கேட்டாலும் அப்படித்தான். தீப்பெட்டி கேட்டால் தீப்பெட்டி வரும். தீப்பெட்டி இல்லாத வீட்டில் வெங்காயமாவது வரும். வெறும் கையோடு யாரையும் திருப்பி அனுப்பிப் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் அன்றைக்கு ஏற்பட்ட பிரியத்தை இன்றுவரை விட முடியவில்லை. பிரியம் ஒரு பக்கம் இருக்க, சந்தேகமான சொற்களுக்கு எதிரே என் கையெழுத்துப் பிரதியில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். நோட்டு நிறையக் கேள்விக்குறி.

பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "ஏம்மா, இப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தா அடுத்த தொகுதிக்கு யார் நிதி தருவாங்க? பேசுறவங்க சொன்னதை எழுதுறதுதான் நம்ம வேலை. சந்தேகப்படுறது நம்ம வேலை இல்லை."

கல்லூரியின் குளிரூட்டிய அறையில், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, தட்டில் வடையை வைத்துத் தின்றுகொண்டே அத்தனை கேள்விக்குறிகளையும் அழித்தேன். பக்கம் சுத்தமாகிவிட்டது என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். அவர்கள் பேச்சு ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளி கோடுகளோடு. பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள். சொன்னவர்களின் அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு நெறி ஆகாது என்று யாருடைய பெயரும் படமும் போடவில்லை. அதில் அவர் தகவலாளி மூன்று. ஒன்றும் இரண்டும் பதிவு நடக்கும்போதே இறந்துபோன கிழவர்கள். வெளியீட்டு விழாவில் அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். பொன்னாடையை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டார். புத்தகத்தை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். படிக்கத் தெரியாது. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார்.

மூத்த மகள் அவருக்கு நேர்மாறு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நர்சிங் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. தெரிந்ததைத் தெரியும் என்பாள், தெரியாததைத் தெரியாது என்பாள். வழி கேட்கிறவர்களுக்கு அம்மா விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "அது சும்மா சொல்லுதுங்க, பஸ் ஸ்டாண்டுல கேட்டுக்கங்க" என்று குறுக்கே புகுந்துவிடுவாள். அம்மா அவள் தொடையில் கிள்ளுவார்.

நர்சிங் சேர்க்கைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு அலுவலகத்தில் நேர் விசாரணை. எனக்கு அங்கே யாரையும் தெரியாது, இருந்தாலும் கூட வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன்.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். "ஆளாளுக்கு வந்து நாங்க பழங்குடின்னு சொல்றாங்க. நான் எதை வெச்சும்மா முடிவு பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். சாமி, சடங்கு எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். உடனே இவர் முடி வாங்குகிற பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார்.

"சாமி, எங்க பேச்சு புஸ்தகமாவே வந்திருக்கு. பாருங்க."

அதிகாரிக்கும் சந்தோஷம். கையில் ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது அல்லவா? புரட்டிப் புரட்டி மகளிடம் கேட்டார். தலை, தண்ணீர், நாய் எல்லாம் சரியாக வந்தது.

"பனிக்கட்டி?"

"ஐஸுன்னுதான் சார் சொல்லுவோம். எங்க பேச்சுல அதுக்குத் தனியா ஒண்ணும் கெடையாது."

"கடல்?"

"அதுக்கும் தமிழ்தான் சார்."

"இருக்கேம்மா இதுல."

"எனக்குத் தெரியாது சார்."

இன்னும் பத்துப் பன்னிரண்டு கேட்டார். பாதிக்கு மேல் தெரியாது என்றாள். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. அதிகாரியும் பாவப்பட்டு, சுலபமாக ஒன்று கேட்போம் என்று பக்கத்தைத் திருப்பினார். "சரி, வீட்டுக்குள்ள பேசுறதையே கேக்குறேன். மூத்த மகளுக்கு என்ன சொல்லுவீங்க?"

அவள் முகம் மலர்ந்தது. ஒரு சொல் சொன்னாள். சின்னஞ்சிறு சொல். இரண்டு வருடம் அந்த வீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருந்த நான் அன்றுதான் அதை முதல் தடவையாகக் கேட்டேன். எங்கள் முன்னால் அம்மா அவளைப் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அதிகாரியின் விரல் பக்கத்தில் மேலும் கீழும் போயிற்று. "இல்லையே. வேற என்னமோ போட்டிருக்கு."

"எங்கம்மா என்னைய அப்பிடித்தான் சார் கூப்பிடும்."

"நீங்க சொல்லுங்கம்மா" என்று இவரிடம் திரும்பினார்.

இவர் மகளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றைச் சொன்னார். மகள் சொன்னதும் இல்லை, புத்தகத்தில் இருப்பதும் இல்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

அதிகாரி புத்தகத்தை மூடினார். "மேடம், இந்தப் புத்தகம் போட்ட டீம்ல நீங்க இருந்தீங்கன்னு சொன்னாங்க. இதுல இருக்கிறது சரிதானே?"

அந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தொகுதிக்கு நிதி வரும் நேரம். இதை ஒரு காரணம் என்று எழுத எனக்கே கூசுகிறது. ஆனாலும் அதுதான் காரணம்.

"சரிதான் சார்" என்றேன்.

மொழி வழக்கு ஒத்துவரவில்லை, சான்றிதழ் கிடையாது என்று உத்தரவு வந்தது. மேல்முறையீடு, அது இது என்று அலைவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. மூத்தவள் வேறு மாவட்டத்தில் ஒரு நூல்மில்லுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே விடுதி. தலையில் பஞ்சு படிந்த போட்டோ அனுப்பியிருந்தாள் என்று காட்டினார்கள். அவளை நர்ஸின் வெள்ளைச் சட்டையில் பார்க்க ஆசைப்பட்டிருந்த எனக்கு, தலையெல்லாம் வெள்ளையாக அந்தப் போட்டோ.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒத்தக்கடைக்கு என் வீடு தேடி வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் அந்தப் புத்தகம்.

"இதுல என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டுங்க டீச்சரு. சின்னவளுக்கு இந்த எழுத்து படிக்க வரல. அடுத்து சர்ட்டிபிகேட்டுக்கு அவகிட்டயும் இதத்தான் கேப்பாக."

படித்தேன். பொருளைச் சொல்லி, அதற்கு எழுதியிருந்த சொல்லைச் சொல்லி, ஒவ்வொன்றாக. முதலில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலோடி வந்ததும் சிரித்தார். "இது என்ன கூத்து? யாரு சொன்னா இத?"

"நீங்கதான்க்கா."

அடுத்து வந்தவற்றுக்குச் சிரிக்கவில்லை. மூத்த மகள் என்ற இடம் வந்தபோது கையை நீட்டிப் புத்தகத்தின்மேல் வைத்து என்னை நிறுத்தினார்.

"அத நான் எப்பிடிச் சொல்லுவேன்? மூத்தது பொம்பளப் பிள்ளையாப் பொறந்தா அதுக்கு ஒரு சொல்லு. பெத்தவ வாயில இருந்து அந்தப் பிள்ளை காதுக்குப் போகணும், அம்புட்டுத்தான். அடுத்தவுக காதுல விழுந்தா பிள்ளைக்கு ஆகாது. நீங்க கேட்டீங்க, இல்லைன்னு சொல்லாம வேற ஒண்ணச் சொல்லி வெச்சேன். அன்னைக்கு ஆபீசுல அத்தன பேரு முன்னால அவ அதச் சொன்னப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சு."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் எங்க வழக்கத்துக்குச் சொன்னேன். பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். நீங்க எதுக்கு எழுதுனீங்க?"

எனக்கு அழிரப்பரும் வடையும்தான் ஞாபகத்துக்கு வந்தன. நான் நேரே போய் அதிகாரியிடம் புத்தகம் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"கொடுத்தா மூத்தவளுக்கு அந்த சீட்டு வருமா?"

"வராதுக்கா. அது முடிஞ்சு போச்சு."

"சின்னவளுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் பாதி பொய் என்று ஆகிவிட்டால், இந்தப் பேச்சே பொய், இந்த மக்களே பொய் என்று சொல்லிவிட அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இதத் தமிழ்ல எழுதிக் கொடுங்க. நாங்க படிச்சுக்கிறோம்."

நீள நோட்டில் அத்தனை சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்ல? காலையில் சின்னவள் நோட்டை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கும் நாளைக்குச் சான்றிதழ் வேண்டுமே. பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வேலையில் சேரும்போது மறுபடி சான்றிதழின் மெய்த்தன்மையை விசாரிப்பார்கள், வீடு தேடி வந்து பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாக்குப் பிறழ்ந்துவிடக் கூடாது என்று வீட்டுக்குள் புத்தகத்துச் சொல்தான் என அவர் சட்டம் போட்டுவிட்டார். முடிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தனையும் அவரே கட்டிச் சொன்ன சொற்கள். தம் பொய்யை உருப்போட அவர் பட்ட பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது.

சின்னவள் தேறிவிட்டாள். வேறு அதிகாரி, அதே புத்தகம். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. சான்றிதழ் வந்தது, நர்சிங்கும் கிடைத்தது. பேராசிரியர் ஒரு முறை அந்தப் பக்கம் போய்ப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டு, நம் பணியால் ஒரு மொழி பிழைத்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் பேசினார். நான் அந்த வருடமே வேலையை விட்டுவிட்டேன். அது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. விட வேண்டிய நாளில் விடவில்லை.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போன வாரம். தங்கையை வழியனுப்ப மூத்தவள் மில்லிலிருந்து மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள், அடிக்கடி இருமினாள். அவள் பேசியது பழைய பேச்சு. தங்கை இடையிடையே, "அது அப்பிடி இல்லக்கா, தப்பு" என்று திருத்தினாள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு மூத்தவள் தமிழுக்கு மாறிவிட்டாள். அம்மா மகள்கள் இருவரையும் பார்க்காமல் எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் மில்லுக்குத் திரும்பும்போது மெயின் ரோட்டு நிறுத்தம்வரைக்கும் அவள், அம்மா, நான் மூன்று பேரும் நடந்தோம். பஸ் வந்ததும் மூத்தவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சோற்றுப் பொட்டலம் அம்மாவின் கையிலேயே நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டார். மூத்த மகளுக்கென்று புத்தகத்தில் இருந்த சொல்லால் கூப்பிட்டார். இத்தனை மாதப் பழக்கம், அதுதான் வந்தது. அவள் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இன்னும் உரக்க ஒரு தடவை கூப்பிட்டார். கூட்டத்தில் வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தச் சொல்லச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா" என்றேன். "நான் காதைப் பொத்திக்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். உதடு கோணியது. திறந்தபடியே நின்றார்.

"வர மாட்டேங்குது டீச்சரு" என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், மறக்கவில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போக வேண்டிய சொல் இல்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். படியில் ஒரு கால் வைத்திருந்தவள் சட்டென்று திரும்பி, கண்டக்டரிடம் கையைக் காட்டிவிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, நீ கூப்பிட வேண்டியதுதான?" என்று தமிழில் கேட்டாள்.